வலை பின்னும் வாசகசாலை

போர்முனையில் எதிரி கண்ணில் படாமல் மூடிவைக்க உக்ரைனில் உருமறைப்பு வலை பின்னுகிறார்கள். அதற்கு முதலில் ஒரு மரச்சட்டம் வேண்டும். ஆள் உயரத்துக்கும் மேலே, சுவரோரம் சாய்த்து நிறுத்துகிறார்கள். இடம் இருந்தால் அறையின் நடுவிலேயே கால் வைத்து நிற்க வைக்கிறார்கள். அதில் மீன்வலை போலக் கண்கள் உள்ள வெற்று வலையை இழுத்துக் கட்டுகிறார்கள். அப்புறம் துணி. பழைய போர்வை, திரைச்சீலை, சட்டை, பாவாடை, எது கிடைத்தாலும் சரி. இரண்டு மூன்று விரல் அகலத்தில் நீள நீளமாகக் கிழித்து, அந்தக் கீற்றுகளை வலைக்கண்களில் மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டே போகிறார்கள். கோணல்மாணலாகப் போகவேண்டும் என்பதுதான் இதில் விதி. வரிசையாகக் கோத்தால் அழகாக இருக்கும், ஆனால் மேலிருந்து பார்க்கும் ட்ரோனுக்கு அந்த வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். பளபளக்கும் துணி ஆகாது, வெயில் பட்டால் மின்னும். நிறமும் பருவத்துக்குப் பருவம் மாறும். பனிக்காலத்துக்கு வெள்ளை, பனி உருகும் மாதங்களுக்குச் சேற்றுப் பழுப்பு, கோடைக்குப் பச்சை, தெற்கே புல்வெளிப் பகுதிக்குக் காய்ந்த வைக்கோல் நிறம். எந்தப் படைப்பிரிவு, எந்த இடம், மூடவேண்டியது வண்டியா, பீரங்கியா, பதுங்குகுழியா என்று கேட்டுக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கிறார்கள்.

மிஞ்சும் நூல்பிசிறுகளும் வீணாவதில்லை. சாக்குநாரோடு சேர்த்துச் சாயம் போட்டு, குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்குத் தலைமுதல் கால்வரை மூடும் புதர் உடை தைக்கிறார்கள். அதற்குக் கிகிமோரா என்று பெயர், அந்த ஊர்ப் பாட்டிக் கதைகளில் வரும் ஒரு வீட்டுப் பேய்.

இந்த வேலையைத் தொழிற்சாலையிலோ படை முகாமிலோ அல்ல, நூலகங்களில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பார்த்தது என்றால் படங்களில்தான். உக்ரைனின் சிற்றூர் நூலகங்கள் பலவற்றுக்கு ஃபேஸ்புக் பக்கம் உண்டு. மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே அவற்றைப் படிப்பது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. நானும் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால், மற்றவர்கள் கண்ணில் படாத சங்கதிகள் அந்தப் படங்களில் எனக்குப் படும். வலைச்சட்டத்துக்குப் பின்னால் குழந்தைகள் பிரிவு அலமாரி. துணிக்குவியல் கிடக்கும் மேசை, நாளிதழ் படிக்கும் மேசை. துணி கிழிக்கும்போது கிளம்பும் தூசி முழுக்கப் புத்தகங்கள் மேலேதான் படியும் என்பது எந்த நூலகருக்கும் தெரியும். ஈரமும் தூசியும் பூச்சியும்தான் எங்கள் பரம்பரை எதிரிகள். அதைத் தெரிந்தே ஒருத்தி தன் நூலகத்துக்குள் கந்தல் மூட்டையை அனுமதித்திருக்கிறாள் என்றால், அவள் மனசுக்குள் என்ன கணக்குப் போட்டிருப்பாள் என்றுதான் யோசிப்பேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்க, சண்டை நடக்குற ஊர்ல புத்தகம் படிக்க யாருங்க வரப்போறாங்க? பூட்டிட்டு வேற வேலையப் பாக்க வேண்டியதுதானே?” கேள்வி நியாயமானதுதான். 2022 பிப்ரவரி 24 விடியற்காலையில் ரஷ்யப் படைகள் எல்லை தாண்டியபோது அங்கேயும் பலர் இதையே நினைத்திருப்பார்கள். ஆனால் பூட்டவில்லை. தாக்குதல் நேரடியாக நடந்த இடங்களைத் தவிர மற்ற ஊர்களில், பல நூலகங்கள் திறந்தே இருந்தன. ஏன் நூலகம்? ஊரில் பள்ளி இல்லையா, தேவாலயம் இல்லையா, ஊராட்சி அலுவலகம் இல்லையா?

எல்லாம் இருந்தன, அவையும் தங்கள் பங்கைச் செய்தன. ஆனாலும் நூலகத்துக்கு என்று சில வசதிகள் உண்டு. சிற்றூர்களில் சோவியத் காலத்தில் கட்டிய நூலகமும் பண்பாட்டு மன்றமும் பெரும்பாலும் ஒரே கட்டடம். ஆகவே கூடம் உண்டு, மேசைகள் உண்டு, பல இடங்களில் நிலவறையும் உண்டு. சாவி ஒரு பெண்ணிடம் இருக்கும். அவர் அந்த ஊரில் இருபது, முப்பது வருடமாக இருப்பவர். யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர், எந்தப் பையன் போன மாதம் படையில் சேர்ந்தான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாசகர் பதிவேடு என்பது நிஜத்தில் ஊர்ப் பதிவேடுதான். யாருக்கு எது வேண்டும் என்று கேட்டு, எங்கே இருக்கிறது என்று தேடி, யார் கையில் கொடுத்தோம் என்று எழுதிவைப்பதுதான் எங்கள் தொழிலின் முழுச் சாரமும். புத்தகத்துக்குப் பதில் குழந்தைப்பால் மாவு, டயாபர், குளிர்காலக் கோட்டு என்று வந்தபோது அவர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. போரில் நூலகம் வேறொன்றாக உருமாறியது என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நடக்கும் வேலை அப்படியே இருந்தது. கை மாறிய பொருள்தான் வேறு.

இன்னொன்றும் உண்டு. உக்ரைனில் தன்னார்வ வேலை நடப்பது அறிக்கைகளை நம்பித்தான். பணம் திரட்டுபவர்கள் மோனோபேங்க் என்ற வங்கிச் செயலியில் ஓர் உண்டியல் திறந்து இணைப்பைப் பகிர்கிறார்கள். எவ்வளவு வந்தது, என்ன வாங்கினோம், எந்தப் படைப்பிரிவுக்குப் போனது என்று படத்தோடு போடாவிட்டால் அடுத்த முறை ஒரு காசு விழாது. வாழ்நாள் முழுக்க மாத அறிக்கை, காலாண்டு அறிக்கை, ஆண்டறிக்கை என்று எழுதிச் சலித்த நூலகர்களுக்கு இது கைவந்த கலை. கேக் விற்பனை, ஏலம், கவிதை மாலை என்று ஏதாவது நடத்திச் சிறுகச் சிறுகச் சேர்ப்பார்கள். பின்னி முடித்த வலை நோவா போஷ்தா என்ற தனியார் கூரியர் மூலம் போர்முனைக்கு அருகிலுள்ள கிளைக்குப் போகும். சில நாளில் அந்த வலைக்கு முன்னால் முகம் காட்டாமல் நிற்கும் வீரர்களின் படம் நூலகப் பக்கத்தில் வந்துவிடும்.

இந்த ஏற்பாடு 2022இல் திடீரென்று முளைத்ததில்லை. கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டு, கிழக்கே தொன்பாஸில் சண்டை தொடங்கிய 2014லேயே வலை பின்னல் ஆரம்பித்துவிட்டது. அப்போது கையில் ஊசியும் கத்தரிக்கோலும் எடுத்தவர்கள்தான் எட்டு வருடம் கழித்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், 2009 முதல் 2014 வரை பிப்லியோமிஸ்ட் என்றொரு திட்டம் நடந்தது. கேட்ஸ் அறக்கட்டளையின் பணம், ஐரெக்ஸ் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பின் நிர்வாகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குக் கணினியும் இணையமும் வந்தன, ஊழியர்களுக்குப் பயிற்சியும் கிடைத்தது. வயதானவர்களுக்கு ஸ்கைப் பேசக் கற்றுக்கொடுப்பது, அரசுப் படிவம் நிரப்பித் தருவது எல்லாம் அப்போதே நூலக வேலையாகிவிட்டது. 2020இல் தியா என்ற அரசு செயலி வந்து சான்றிதழ்கள் கைபேசிக்குள் போனபோது, அதைப் பெரியவர்களுக்குச் சொல்லித்தந்ததிலும் நூலகங்களுக்குப் பங்கு உண்டு. போர் வந்து வீடிழந்தவர்கள் இடம்பெயர்ந்தோர் சான்றுக்கு அலைந்தபோது இந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

இன்னும் பின்னால் போனால் விஷயம் சுவாரசியமாகிறது. 19ஆம் நூற்றாண்டில் இன்றைய உக்ரைனின் பெரும்பகுதி ஜார் ஆட்சியில் இருந்தது. அங்கே 1863இல் வால்யுயெவ் சுற்றறிக்கையும் 1876இல் எம்ஸ் ஆணையும் உக்ரைன் மொழியில் அச்சிடுவதை அடுத்தடுத்து நெரித்தன. மேற்கே கலீசியா ஆஸ்திரிய ஆட்சியில் இருந்ததால் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. அங்கே லிவிவ் நகரத்தில் 1868 டிசம்பரில் ப்ரொஸ்வீத்தா என்ற சங்கம் தொடங்கியது. கிராமந்தோறும் வாசகசாலை வைப்பது அதன் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதோடு நின்றதா என்றால் இல்லை. அதே வீட்டில் கூட்டுறவுக் கடை, கடன் சங்கம், பாடகர் குழு, நாடகக் குழு எல்லாம் கூடின. முதல் உலகப்போர் தொடங்கும்போது கிட்டத்தட்ட 3,000 வாசகசாலைகள் இருந்தன. அரசாங்கம் நமக்குச் செய்யாது, நாமே செய்துகொள்வோம் என்கிற பழக்கம் அந்த அறைகளில்தான் ஊறியது. 1939இல் சோவியத் படைகள் வந்ததும் ப்ரொஸ்வீத்தாவை மூடினார்கள். பதிலுக்கு மாஸ்கோ அனுப்பும் புத்தகங்களோடு அரசு நூலகங்கள் வந்தன. கட்டடம் நன்றாகவே இருந்தது, வலையமைப்பும் பெரிதுதான். ஆனால் மேலிருந்து வந்ததை வாங்கி அடுக்கும் இடமாகவே அது இருந்தது. இன்று அந்த சோவியத் கட்டடத்துக்குள் ப்ரொஸ்வீத்தாவின் பழக்கம் திரும்பி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

2022 மே மாதத்தில், நாட்டுக்குள்ளேயே வீடு விட்டு வந்தவர்கள் சுமார் 80 லட்சம் பேர் என்று சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு கணக்கிட்டது. நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. இவர்களில் பலர் மேற்கு மாவட்டங்களுக்கும் மத்திய மாவட்டங்களுக்கும் வந்தார்கள். பள்ளி விளையாட்டுக் கூடத்தில் படுக்கை கிடைக்கும், சாப்பாடும் கிடைக்கும், ஆனால் பகலெல்லாம் எங்கே போவது? குழந்தையைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார்கள். அங்கே சூடு இருந்தது, இணையம் இருந்தது, குழந்தைக்கு ஒரு மூலை இருந்தது. எதற்கு வந்தாய் என்று கேட்க ஆளில்லை. இடம்பெயர்ந்து வருபவருக்கு இந்தக் கடைசி வசதி எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலையில் ஆன்லைன் பாடத்துக்கு வந்த பையனின் அம்மா, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று வலைச் சட்டத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு கீற்றை எடுத்துக் கோக்க ஆரம்பிப்பாள். இரண்டு நாளில் ஊர்க்காரிகளோடு பேச்சு வந்துவிடும். உதவி வாங்க வந்தவள் உதவி செய்பவளாக மாறும் இந்தக் காட்சியை அந்தப் பதிவுகளில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கைக்கு வேலை இருந்தால் செய்தி பார்க்காமல் இருக்க முடிகிறது என்று எழுதுகிறார்கள். உளவியலாளர்களைக் கூப்பிட்டுத் தனிக் கூட்டமும் நடத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் வலைச் சட்டத்தைச் சுற்றி நடக்கும் பேச்சுக்கு அது ஈடாகுமா என்று எனக்குச் சந்தேகம்.

கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்களில் பலர் வீட்டில் ரஷ்ய மொழி பேசியவர்கள். உக்ரைன் மொழி புரியும், பேச நாக்கு வராது. அவர்களுக்காக நூலகங்கள் பேச்சுப் பழக்க வட்டங்கள் ஆரம்பித்தன. தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது. தேநீர் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை தப்பும் தவறுமாகப் பேசிப் பழகுவது. தன் ஊரைக் குண்டு போட்டு அழித்தவர்களின் மொழி தன் வாயிலும் இருக்கிறதே என்ற சங்கடத்தோடு ஐம்பது, அறுபது வயதில் மொழி மாற்றிக்கொள்ள வருபவர்கள் அவர்கள்.

அப்புறம் குளிர்காலம் வந்தது. 2022 அக்டோபர் 10 முதல் மின்நிலையங்களையும் துணைநிலையங்களையும் குறிவைத்து ஏவுகணைகளும் ட்ரோன்களும் வர ஆரம்பித்தன. மின்வெட்டு நமக்குப் புதிதில்லை, ஆனால் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி இருக்கும்போது மின்சாரம் போவது வேறு விஷயம். மின்சாரம் போனால் வெந்நீர்க் குழாய் வழியாக வரும் சூடும் போகலாம், தண்ணீரும் போகலாம், கைபேசிக் கோபுரமும் சில மணி நேரத்தில் அணையும். நவம்பரில் அரசு ‘அசையா உறுதி மையங்கள்’ திறப்பதாக அறிவித்தது. வெப்பம், தண்ணீர், மின்சாரம், இணையம், தேநீர், முதலுதவிப் பெட்டி, எல்லாம் இலவசம், நாள் முழுக்க. 4,000க்கும் மேற்பட்ட மையங்கள் தயார் என்று அப்போதே அதிபர் சொன்னார். கூடாரம் அடித்துச் சில, பள்ளிகளிலும் தீயணைப்பு நிலையங்களிலும் சில. பல ஊர்களில் நூலகத்துக்கே அந்தப் பலகை வந்தது. ஜெனரேட்டர் ஒன்று, சில இடங்களில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைய ஆன்டெனா ஒன்று, மேசை முழுக்க எக்ஸ்டென்ஷன் போர்டுகள். கண்ணாடி இழைக் கேபிள் உள்ள இடங்களில் ரவுட்டருக்கு ஒரு பவர் பேங்க் கொடுத்தாலே இணையம் ஓடும் என்பதைப் பலர் அந்தக் குளிர்காலத்தில்தான் கண்டுகொண்டார்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு நெபுலைசர் போட, வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்ப, ஆட்கள் வந்தார்கள். கைபேசி ஏறும்வரை சும்மா இருப்பானேன் என்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தையும் எடுத்தார்கள். புதிய வாசகர்கள் இப்படியும் வரத்தான் செய்கிறார்கள்.

பதுங்குகுழி மெழுகுவர்த்தியும் அந்தக் குளிரில்தான் ஊரெங்கும் பரவியது. செய்முறை எளிது. காலி உணவு டின்னைக் கழுவிக் காயவைக்க வேண்டும். நெளி அட்டைப்பெட்டியை டின்னின் உயரத்துக்குப் பட்டையாக வெட்டி, இறுக்கமாகச் சுருட்டி உள்ளே நுழைக்க வேண்டும். நடுவில் திரிக்கு ஒரு துண்டு அட்டை கொஞ்சம் தூக்கி நிற்கும். உருக்கிய பாரஃபினை மெதுவாக ஊற்றினால் அட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும், மறுபடி ஊற்ற வேண்டும். ஆறினால் முடிந்தது. பல மணி நேரம் எரியும். குழிக்குள் கை காய்ச்சலாம், டின் உணவைச் சூடுபண்ணலாம். பள்ளிப் பிள்ளைகள் டின் பொறுக்கிக் கொண்டுவந்தார்கள், தேவாலயங்களிலிருந்து எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகள் வந்தன. அட்டைச் சுருளைச் செய்வது சிறுவர்கள், கொதிக்கும் மெழுகு ஊற்றுவது பெரியவர்கள் என்று வேலை பிரிந்தது. நூலகத்துக்குள் அடுப்பு வைத்து மெழுகு உருக்குவது பற்றி எங்கள் தீத்தடுப்பு விதிகள் என்ன சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். பெரும்பாலும் முற்றத்திலோ பக்கத்துக் கூடத்திலோ செய்திருக்கிறார்கள் என்று படங்களைப் பார்த்தால் தெரிகிறது. நல்லது.

இத்தனையும் பாராட்டிவிட்டு, உறுத்துகிற விஷயங்களைச் சொல்லாமல் போனால் சரியாகாது.

போரில் கலாசாரச் சொத்துகளைக் காப்பதற்கு 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இருக்கிறது. உக்ரைன், ரஷ்யா இரண்டுமே அதில் உறுப்பு நாடுகள். முக்கியமான நூலகத்தைத் தாக்கக் கூடாது என்பது அதன் ஒரு பாதி. அதை அழிவுக்கு ஆளாக்கும்படியான காரியங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது மறுபாதி. படைக்கு வலை பின்னும் கிராம நூலகம் இதில் எங்கே நிற்கிறது? துணி கிழிக்கும் பாட்டிகளால் ஒரு கட்டடம் ராணுவ இலக்காகிவிடாது என்றுதான் நான் நினைக்கிறேன். போர்ச் சட்டங்கள் கேட்பது ராணுவ நடவடிக்கைக்கு உருப்படியான பங்களிப்பு இருக்கிறதா, அழிப்பதால் திட்டவட்டமான ராணுவ ஆதாயம் உண்டா என்பதை. ஆனாலும் வலைச் சட்டத்துக்கு இரண்டடி தள்ளிக் குழந்தைகள் கதை கேட்டுக்கொண்டிருக்கும் படத்தைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது. பல நூலகங்கள் முகவரி தெரியாதபடி, சன்னல் தெரியாதபடி படம் போடுவதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் வலை பின்னாத நூலகங்களும் தப்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். செர்னிஹிவ் நகரத்தில் இளைஞர் நூலகம் இருந்த கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. வசில் தர்னோவ்ஸ்கி என்பவர் சேகரித்த தொல்பொருள்களின் அருங்காட்சியகமாக ஒரு காலத்தில் இருந்தது, இரண்டாம் உலகப்போரைத் தாண்டி நின்றது. 2022 மார்ச் 11 அன்று வானிலிருந்து விழுந்த குண்டு அதன் ஒரு பகுதியை இடித்துத் தள்ளியது. கார்கிவில் 1886இல் தொடங்கிய கொரொலென்கோ நூலகத்தின் சன்னல்கள் நொறுங்கின, பனியும் மழையும் உள்ளே வராமல் பலகை அடித்தார்கள். கெர்சன் நகரத்தில் ஒலெஸ் ஹொன்சார் பெயரிலான மாவட்ட நூலகம் ஆற்றங்கரையில் இருக்கிறது. எட்டு மாத ஆக்கிரமிப்புக்குப் பிறகு 2022 நவம்பரில் நகரம் மீண்டது, ஆனால் ரஷ்யப் படை ஆற்றின் எதிர்க்கரையில்தான் நின்றது. நூலகம் பலமுறை அடிபட்டது. நூலகம் எரிந்தது என்று கேட்டால் 1981 யாழ்ப்பாணத்தை நினைக்காத தமிழர் யார்? நானும் நினைத்தேன். ஆனால் எரிந்த நூலகங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், திறந்திருக்கும் நூலகங்களைப் பற்றித்தான் குறைவு.

அடுத்து கூலி. உக்ரைன் நூலகர்களில் பெரும்பான்மை பெண்கள். கிராமங்களில் முழுச் சம்பளம் பெறுபவர்கள் குறைவு, அரைச் சம்பளம், கால் சம்பளம் என்றுதான் பணியிடங்கள் இருக்கின்றன. அந்தக் கால் சம்பளத்துக்கு இப்போது இரட்டை வேலை. சோவியத் காலத்தில் சுப்போத்னிக் என்று ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் எல்லாரும் ‘தாமாக முன்வந்து’ சம்பளமில்லாமல் வேலை செய்யவேண்டும். வராதவர் பெயர் குறிக்கப்படும். இன்றைய வலை பின்னல் அப்படியில்லை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மகனோ கணவனோ அண்ணனோ போர்முனையில் இருக்கும் வீட்டுப் பெண்களை யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஆனாலும் தன்னார்வம் என்ற பெயரில் அரசு செய்யவேண்டியதை மலிவாக முடித்துக்கொள்ளும் ஆசை எந்த அரசுக்கும் வரும். போர்க்காலத்தில் இன்னும் சுலபமாக வரும். 2022இல் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க வைத்திருந்த மத்தியப் பணம் பாதுகாப்புச் செலவுக்குத் திருப்பப்பட்டது. யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை, முணுமுணுக்கவும் முடியாது. ஆனால் மையம், தங்குமிடம், உதவிக் கிடங்கு என்று எல்லாமாகவும் இருக்கும் ஓரிடத்தில் புதுப் புத்தகம் மட்டும் வரவில்லை என்றால், அது நூலகமாக இருப்பது எதுவரை?

எனக்கு மிகவும் சங்கடமானது இன்னொன்று. ரஷ்யப் புத்தகங்களை விலக்கியது. நாடாளுமன்ற உறுப்பினர் யெவ்ஹேனியா கிராவ்சுக் 2023 தொடக்கத்தில் தந்த கணக்குப்படி, 2022 நவம்பர் வரை நூலகங்களிலிருந்து சுமார் 1.9 கோடிப் பிரதிகள் எடுக்கப்பட்டன, அதில் 1.1 கோடி ரஷ்ய மொழியில். இதையும் நூலகர்களும் தன்னார்வலர்களும்தான் உட்கார்ந்து பிரித்தார்கள். கீவ் நகரத்தில் ‘சியாய்வோ’ என்ற புத்தகக்கடை மக்களிடமிருந்து ரஷ்யப் புத்தகங்களை வாங்கிப் பழைய காகிதமாகப் போட்டு, அந்தப் பணத்தைப் படைக்குச் செலவிட்டது. புத்தகத்தைக் காகிதமாக எடைக்குப் போடுவது என்றால் தொழில் பழக்கத்தில் என் கை பின்னால் போகும். இன்னொரு பக்கம் பார்த்தால், நூலகங்களில் இருந்ததில் கிட்டத்தட்ட பாதி ரஷ்ய மொழி என்பதும் தானாக நேர்ந்ததில்லை, சோவியத் அலமாரி அப்படித்தான் நிரப்பப்பட்டது. விலக்கியவற்றில் காலாவதியான பிரசார நூல்கள் ஏராளம். பழைய பாடநூல்களை நாங்களும் வருடாவருடம் கழிக்கிறோம். கழிப்பதற்கும் வெறுப்பில் எறிவதற்கும் நடுவே கோடு எங்கே என்பது, தலைக்கு மேல் ட்ரோன் சத்தம் கேட்காத ஊரில் இருந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்லக்கூடியது இல்லை. ஆனால் செக்காவ் எடைக்குப் போனால் எனக்கு வலிக்கும், அதை மறைப்பானேன். ஆக்கிரமித்த பகுதிகளில் ரஷ்யப் படைகள் உக்ரைன் வரலாற்று நூல்களைத் தேடி எடுத்து அழிப்பதாக உக்ரைன் ராணுவ உளவுத்துறை 2022 மார்ச்சிலேயே சொன்னது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

எல்லைக்கு வெளியேயும் ஒரு கூட்டம் வேலை செய்தது. கட்டடம் இடிந்தால் தெரியும், சர்வர் அணைந்தால் யாருக்குத் தெரியும்? நூலகங்கள், ஆவணக்காப்பகங்கள், அருங்காட்சியகங்கள் பலவற்றின் இணையதளங்கள் உள்ளூர்க் கணினிகளில்தான் இருந்தன. அன்னா கியாஸ், க்வின் டோம்ப்ரொவ்ஸ்கி, செபாஸ்டியன் மயஸ்டரோவிச் என்ற மூன்று பேர், அமெரிக்காவிலும் ஆஸ்திரியாவிலும் இருந்துகொண்டு 2022 மார்ச் 1 அன்று சூச்சோ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். 1,300க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து 5,000க்கும் மேற்பட்ட தளங்களைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்தார்கள். எந்த ஊரில் சண்டை நெருங்குகிறது என்று பார்த்து அந்த ஊர்த் தளத்தை முதலில் எடுப்பது, வான் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் வரிசையை மாற்றுவது என்று வேலை நடந்தது. உக்ரைன் நூலகச் சங்கமும் சும்மா இருக்கவில்லை. அப்போது அதன் தலைவராக இருந்த ஒக்ஸானா புருய், கீவ் பாலிடெக்னிக்கின் நூலக இயக்குநர். ரஷ்ய நூலக அமைப்புகளை, உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா நீக்கவேண்டும் என்று சங்கம் கேட்டது, இஃப்லா நீக்கவில்லை. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை.

வருடங்கள் ஓடியதில் வேலையும் மாறிக்கொண்டே வருகிறது. முதல் மாதங்களில் வலைச் சட்டத்தைச் சுற்றி நிற்க இடமில்லாமல் கூட்டம் இருந்ததாம். இப்போது பல ஊர்களில் அதே நாலைந்து பெண்கள், பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். தானமாக வரும் துணி குறைந்துவிட்டது, வயலை மூடப் பயன்படும் ஸ்பன்பாண்ட் துணியைச் சுருள் சுருளாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். போர்முனைச் சாலைகளுக்கு மேல் ட்ரோன் நுழையாதபடி கூரைபோல வலை கட்டும் தேவையும் வந்திருக்கிறது. அதற்கு ஐரோப்பிய மீனவர்களின் பழைய வலைகள் லாரியில் வருகின்றன, கையால் பின்னி மாளாது.

போர்முனையிலிருந்து திரும்புபவர்களின் எண்ணிக்கை கூடக் கூட, நூலகங்களுக்கு அடுத்த வேலை வந்து நிற்கிறது. முன்னாள் வீரர்களுக்கு வேலை தேட, சான்று எடுக்க, சும்மா வந்து உட்கார என்று பல இடங்களில் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். வருபவர்களில் காலிழந்தவர்கள் நிறைய. சிக்கல் என்னவென்றால், இந்தப் பழைய கட்டடங்கள் பலவற்றில் நூலகம் இருப்பது மாடியில். லிஃப்ட் கிடையாது. தடையற்ற அணுகலுக்கு 2021இலேயே தேசியத் திட்டம் வகுத்துவிட்டார்கள், விதிகளும் அளவுகளும் வந்துவிட்டன. சரிவுப்பாதை கட்டச் சிமென்டும் ஆளும் வேண்டும். ஆண்களில் பலர் படையில். சமீபத்தில் படித்த ஒரு பதிவில், ஒரு சிற்றூர் நூலகம் மோனோபேங்க் உண்டியல் ஒன்று திறந்திருந்தது. இந்த முறை படைக்கு அல்ல, தன் வாசற்படிக்கு.